மதுரை – கோயம்புத்தூர்: பயணத் தொலைவும் விமான நேரமும்

மதுரையும் கோயம்புத்தூரும் தமிழ்நாட்டின் தென் பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் அமைந்த இரு பெரிய நகரங்கள். இரண்டுக்கும் விமான நிலையம் உண்டு. இவற்றுக்கு இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 175 கி.மீ.; சாலை வழியே ஏறத்தாழ 215 கி.மீ.; பழனி வழியான இருப்புப்பாதையில் ஏறத்தாழ 230 கி.மீ. ஆகும். தொலைவைக் கணக்கிட்டுத் தரும் இணையக் கருவிகளில் இவ்விரு நகரங்களின் பெயர்களை இட்டால் 'விமான நேரம்' என்று ஒரு விடையும் கிடைக்கிறது. சில கருவிகள் கால் மணி நேரத்துக்கும் குறைவாகக் காட்டுகின்றன. வேறு சில முக்கால் மணி நேரம் என்கின்றன. ஆனால், இவ்விரு நகரங்களுக்கு இடையே நேரடிப் பயணியர் விமானச் சேவை இப்போது இல்லை. இல்லாத விமானத்துக்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்பதையும், உண்மையான பயணம் எதைப் பொறுத்து நீள்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட வழியில், திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில் உள்ள செம்பட்டி என்னும் சந்திப்பு ஊர் இதைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு.

நேர்கோட்டுத் தொலைவு

இரண்டு இடங்களின் அகலாங்கும் நெட்டாங்கும் தெரிந்தால் அவற்றுக்கு இடையிலான தொலைவைத் தாளிலேயே கணக்கிடலாம். மதுரை விமான நிலையம் வட அகலாங்கு 9.83 பாகை, கிழக்கு நெட்டாங்கு 78.09 பாகையில் உள்ளது. கோயம்புத்தூர் விமான நிலையம் 11.03 பாகை, 77.04 பாகையில் உள்ளது. அகலாங்கு வேறுபாடு ஏறத்தாழ 1.2 பாகை, நெட்டாங்கு வேறுபாடு 1.05 பாகை.

தமிழ்நாட்டுப் பகுதியில் ஒரு பாகை அகலாங்கு என்பது ஏறத்தாழ 110.6 கி.மீ. நீளம். ஒரு பாகை நெட்டாங்கின் நீளம் நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்லக் குறையும். 10 பாகையை ஒட்டிய இப்பகுதியில் அது 109.5 கி.மீ. அளவில் இருக்கும். ஆகவே கோயம்புத்தூர் விமான நிலையம் மதுரை விமான நிலையத்துக்கு வடக்கே 132 கி.மீ., மேற்கே 115 கி.மீ. தள்ளி இருக்கிறது. இனிப் பள்ளியில் படித்த பித்தாகரசு தேற்றம் போதும்: 132, 115 ஆகிய இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 175 வரும். சென்னை – தில்லி போன்ற நெடுந்தொலைவுகளுக்குப் புவியின் வளைவையும் கணக்கில் கொள்ளும் கோளச் சூத்திரம் தேவைப்படும். இவ்வளவு குறைந்த தொலைவில் இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டாது.

இந்தக் கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. மதுரை விமான நிலையத்தில் தொடங்கும் கோடு, நிலக்கோட்டைக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையே வயல்வெளிகளைக் கடந்து, தாண்டிக்குடிக்குக் கிழக்கே கீழ்ப்பழனி மலைகளின் மேல் ஏறுகிறது. மறுபக்கம் இறங்கும்போது பழனி நகரை ஒட்டிச் சென்று, உடுமலைப்பேட்டையை இடப்புறமும் தாராபுரத்தை வலப்புறமும் விட்டுவிட்டுப் பீளமேட்டில் உள்ள கோயம்புத்தூர் விமான நிலையத்தை அடைகிறது. வழியில் குறுக்கே நிற்பது அந்த மலை ஒன்றுதான். சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் கூடுதல் கிலோமீட்டர்கள் சேர்வதற்கு முதன்மைக் காரணமும் அதுவே.

சாலை: செம்பட்டியில் ஏன் திரும்ப வேண்டும்?

செம்பட்டி, மேற்கே கீழ்ப்பழனி மலைகளுக்கும் கிழக்கே சிறுமலைக்கும் இடைப்பட்ட சமவெளியில் இருக்கிறது. மேலே சொன்ன நேர்கோட்டிலிருந்து அது 15 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் வடகிழக்கே விலகியுள்ளது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி வழியாகக் குமுளி செல்லும் சாலையும், மதுரைப் பக்கமிருந்து நிலக்கோட்டை வழியாக வந்து ஒட்டன்சத்திரம், பழனி நோக்கிச் செல்லும் சாலையும் இங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன. கொடைக்கானலுக்கும் தேனிக்கும் போகிறவர்கள் தெற்கே இறங்குவார்கள். பழனிக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறவர்கள் வடமேற்கே திரும்புவார்கள். ஊர் சிறியது. ஆனால் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பேருந்து மாறும் எவருக்கும் இந்தப் பெயர் பழக்கமானதே.

மதுரையிலிருந்து புறப்படும் சாலை நேர்கோட்டின் வழியிலேயே தொடர்ந்தால் வத்தலக்குண்டு அருகே மலையில் முட்டும். அங்கிருந்து தாண்டிக்குடி வழியே மலை மேல் ஏறி ஒட்டன்சத்திரம் பக்கம் இறங்கும் மலைச்சாலை உண்டு என்றாலும், கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த அந்தச் சாலை மலைக்கிராமங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்குமானது; நகரங்களுக்கு இடையே ஓடும் பேருந்துக்கு ஏற்றதன்று. எனவே பேருந்து மலையின் அடிவாரத்தைச் சுற்ற வேண்டும். செம்பட்டியில் வடக்கு நோக்கித் திரும்பிக் கன்னிவாடி வழியே மலையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் சென்றால், மலையின் வடமுனை கடந்துவிடும். திண்டுக்கல் நகருக்குள் சென்று ஒட்டன்சத்திரம் வருவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. சுற்று மட்டும் சற்று அதிகம்.

ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தாராபுரம், பல்லடம் வழி. மற்றொன்று பழனி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழி. திண்டுக்கல்லிலிருந்து பழனி, பொள்ளாச்சி வழியே கோயம்புத்தூர் சென்று பெங்களூரு வரை நீண்ட சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 209 எனப்பட்டது. எண்கள் மாற்றியமைக்கப்பட்ட பின், கோயம்புத்தூர் – திண்டுக்கல் பகுதி நாகப்பட்டினம் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 83-இன் பகுதியாயிற்று. பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் ஒருசேரப் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பாரத்மாலா திட்டத்தின் கீழ் எடுத்துக்கொள்ளப்பட்ட பொள்ளாச்சி – ஒட்டன்சத்திரம் – கமலாபுரம் நான்கு வழிச்சாலை, மதுரை – திண்டுக்கல் நெடுஞ்சாலையில் உள்ள கமலாபுரத்தை ஒட்டன்சத்திரத்தோடு இணைப்பதால், திண்டுக்கல் நகரைத் தொடாமலே இரு நெடுஞ்சாலைகளும் சேர்கின்றன.

மதுரையில் கோயம்புத்தூர்ப் பேருந்துகள் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. பயணம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். மகிழுந்தில் நான்கு மணி நேரம் போதும். தைப்பூசத்தை ஒட்டி, பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் சாலையை நிறைத்துவிடும் நாள்களில் எந்தக் கணக்கும் செல்லாது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வரும் லாரிகளும் அப்படித்தான். வரைபடச் செயலி அவற்றை நெரிசல் என்று மட்டுமே அறியும்.

இருப்புப்பாதை: நிலம் நகரவில்லை, தொலைவு மாறியது

தொலைவு என்பது நிலையான எண் என்ற எண்ணத்தை மாற்றக்கூடியது இந்தத் தடத்தின் ரயில் வரலாறு. போத்தனூர் – பொள்ளாச்சி மீட்டர் பாதை 1915-இலும், பொள்ளாச்சியைப் பழனி வழியே திண்டுக்கல்லோடு இணைத்த பாதை 1928-இலும் திறக்கப்பட்டன. அதன் பிறகு பல பத்தாண்டுகள் மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்குச் சுருக்கமான ரயில் வழியாக இதுவே இருந்தது.

அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2000களின் இறுதியில் இப்பாதை மூடப்பட்டது. திண்டுக்கல் – பழனி பகுதி 2012-இலும், பழனி – பொள்ளாச்சி பகுதி 2015-இலும், பொள்ளாச்சி – போத்தனூர் பகுதி 2017-இலும் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் ரயிலில்தான் போவேன் என்பவர் திண்டுக்கல்லிலிருந்து கரூர், ஈரோடு, திருப்பூர் என்று சுற்ற வேண்டியிருந்தது. அந்த வழி 300 கி.மீ.க்குச் சற்று மேல். ரயில் கட்டணம் செல்லும் பாதையின் நீளத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. ஆகவே 70 கி.மீ. சுற்றுக்குப் பயணி நேரத்தோடு பணமும் கொடுத்தார். நாகர்கோவில் – கோயம்புத்தூர் விரைவு வண்டி இன்றும் கரூர், ஈரோடு வழியாகவே செல்கிறது. மதுரை – கோயம்புத்தூர் விரைவு வண்டி திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாகச் செல்கிறது. ஒரே இரு நகரங்கள்; எந்த வண்டியில் ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு தொலைவுகள்.

செம்பட்டிக்கு ரயில் நிலையம் கிடையாது. அருகில் உள்ளவை திண்டுக்கல் சந்திப்பும் கொடைரோடும்.

'விமான நேரம்' எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இணையக் கருவிகள் காட்டும் விமான நேரம் பெரும்பாலும் ஒரு வகுத்தல் கணக்கு. நேர்கோட்டுத் தொலைவை மணிக்கு 800 கி.மீ. போன்ற ஒரு வேகத்தால் வகுக்கிறார்கள். 175-ஐ 800-ஆல் வகுத்தால் 13 நிமிடம். புறப்படவும் இறங்கவும் சேர்த்து அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளும் கருவிகளில் 43 நிமிடம். இரண்டு விடைகளும் ஒரே கணக்கிலிருந்து வந்தவைதான். அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா என்று கருவி பார்ப்பதில்லை. இரு ஊர்களிலும் ஓடுதளம் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. செம்பட்டி – பழனி என்று இட்டாலும் ஒரு விமான நேரம் வந்துவிடும்.

நெடுந்தொலைவுப் பயணத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். குறுந்தொலைவில் அது தடுமாறுவதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் செல்வது 10 கி.மீ.க்கும் அதிகமான உயரத்தில், காற்று அடர்த்தி குறைந்த இடத்தில்தான். அந்த உயரத்திலிருந்து இறங்க, ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 கடல் மைல் தொலைவு வேண்டும் என்பது விமானிகள் மனக்கணக்காகக் கொள்ளும் விதி. 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல் தேவை. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; ஆக ஏறத்தாழ 195 கி.மீ. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் இடையிலான மொத்தத் தொலைவே அதைவிடக் குறைவு. அதாவது, மதுரை ஓடுதளத்துக்கு நேர் மேலே 35,000 அடி உயரத்தில் ஒரு விமானம் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், கோயம்புத்தூரில் இறங்க அது அதற்கு முன்பே இறக்கத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். இந்தத் தடத்தில் எந்த ஜெட் விமானமும் தன் முழு உயரத்தையோ முழு வேகத்தையோ எட்ட வாய்ப்பில்லை. 13 நிமிடம் என்பது வானில் எங்கும் நடக்க முடியாத பயணம்.

இத்தகைய தொலைவுக்கு ஏற்றது ஏடிஆர் 72 போன்ற, விசிறி சுழலும் விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ.; தாழ்ந்த உயரத்திலேயே சிக்கனமாகப் பறக்கும். அதற்கும் நேர்கோட்டில் செல்லும் உரிமை கிடையாது. மதுரை ஓடுதளம் கிழக்கு – மேற்காக அமைந்தது; கோயம்புத்தூர் விமான நிலையமோ அங்கிருந்து வடமேற்கில் உள்ளது. புறப்பட்ட விமானம் காற்றின் திசைக்கேற்பக் கிழக்கே ஏறியிருந்தால் பெருந்திருப்பம் போட வேண்டும். கோயம்புத்தூர் ஓடுதளம் வடகிழக்கு – தென்மேற்காக அமைந்தது. தென்கிழக்கிலிருந்து வரும் விமானம் ஓடுதளத்தின் ஒரு முனைக்குச் சுற்றி வந்துதான் இறங்க முடியும்.

விமான நிறுவனங்களின் கால அட்டவணையில் இருப்பது வேறொரு நேரம். நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, சேரும் ஊரின் நிறுத்துமிடத்தில் நிற்கும் கணம் வரை அதில் அடங்கும். ஓடுதளம் வரை ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் வந்துவிடும். பெங்களூரு – கோயம்புத்தூர் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 250 கி.மீ.; அட்டவணையில் அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. மதுரை – கோயம்புத்தூர் விமானம் ஒன்று இருந்தால் அதற்கு 50 நிமிட அளவில் ஒதுக்கப்படும் என்று இதிலிருந்து மதிப்பிடலாம்.

அந்த 50 நிமிடத்தோடு மற்றவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். மதுரை விமான நிலையம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ளது. உள்நாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு மணி நேரத்துக்கு முன்பே பதிவு முகப்பை மூடிவிடுகின்றன. வீட்டிலிருந்து நிலையம், சோதனை, காத்திருப்பு, பறப்பு, பெட்டிக்காக நிற்பது, பீளமேட்டிலிருந்து நகருக்குள் செல்வது என்று எல்லாம் சேர்ந்தால் மூன்றரை மணி நேரத்தைத் தொடும். மகிழுந்தில் நான்கு மணி நேரம்தான். செம்பட்டிக்காரருக்கு இது இன்னும் மோசம். கோயம்புத்தூருக்குச் செம்பட்டியிலிருந்து சாலை வழியே 150 கி.மீ. சொச்சம், விமானம் ஏற வேண்டுமானால் அவர் முதலில் 65 கி.மீ.க்கு மேல் எதிர்த்திசையில் மதுரைக்கு வர வேண்டும்.

நேரடி விமானம் இல்லாதபோது

இப்போதைய நிலையில் மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்கு விமானத்திலேயே செல்ல விரும்புவோர் சென்னையிலோ பெங்களூருவிலோ மாற வேண்டும். சென்னை வழி சென்றால் 417 கி.மீ.யும் 404 கி.மீ.யுமாக ஏறத்தாழ 820 கி.மீ. பறக்க நேரும். பெங்களூரு வழி 376, 252 என ஏறத்தாழ 630 கி.மீ. 175 கி.மீ. தள்ளியுள்ள ஊருக்கு இது நாலரை மடங்கும் மூன்றரை மடங்கும் ஆகும். இடையில் காத்திருப்பையும் சேர்த்தால் பேருந்து முந்திக்கொள்ளும். பயணச்சீட்டு விற்கும் தளங்கள் இத்தகைய இணைப்புகளையும் தயங்காமல் பட்டியலிடுகின்றன என்பதால், 'விமானம் உண்டு' என்று வரும் விடையில் நிறுத்தங்கள் எத்தனை என்று பார்ப்பது நல்லது.

சிறு நகரங்களை விமானத்தால் இணைக்க இந்திய அரசு 2016-இல் வெளியிட்ட உடான் திட்டத்தின் முதல் வடிவம், பொதுவாக 200 முதல் 800 கி.மீ. வரையிலான தடங்களுக்கே உதவி அளித்தது. மலை, தீவுப் பகுதிகளுக்கு மட்டும் கீழ் எல்லை இல்லை. சமவெளியில் 200 கி.மீ.க்குக் குறைந்த தொலைவைச் சாலையும் ரயிலும் பார்த்துக்கொள்ளும் என்ற கணிப்பு அதில் தெரிகிறது. தமிழ்நாட்டில் இத்திட்டத்தால் பயன்பெற்ற சேலம் – சென்னை தடம் (2018 மார்ச்சில் தொடங்கி, இடையில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டது) நேர்கோட்டில் ஏறத்தாழ 265 கி.மீ. நீளமுள்ளது.

தொலைவு மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு தீவுகளுக்கு இடையே மூன்று கி.மீ.க்கும் குறைவான தொலைவுக்கு அட்டவணைப்படி விமானம் ஓடுகிறது. பறப்பு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இடையே கடல் இருப்பதால் அங்கே அது பேருந்துக்குச் சமம். பிரான்சு நாடோ, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் சென்றுவிடக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானம் இயக்குவதை 2023 மே மாதம் முதல் தடை செய்தது. மேலேறும்போதுதான் விமானம் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கிறது. குறுந்தடத்தில் பயணத்தின் பெரும்பகுதி ஏறுவதிலேயே போய்விடுகிறது.

செம்பட்டியிலிருந்து சென்னைக்கு

விமானம் பயன்தரத் தொடங்கும் தொலைவு எது என்பதற்குச் சென்னைப் பயணம் விடை தருகிறது. மதுரை – சென்னை நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 417 கி.மீ.; கருவியின் கணக்கில் ஒரு மணி நேரம்; அட்டவணையில் ஜெட் விமானத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம், ஏடிஆர் விமானத்துக்கு அதைவிடக் கூடுதல். இங்கே கணக்கும் நடைமுறையும் நெருங்கி வருகின்றன.

செம்பட்டியிலிருந்து மதுரை விமான நிலையம் செல்ல ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரம், அங்கே ஒன்றரை மணி நேரம், பறப்பு ஒன்றேகால் மணி நேரம், மீனம்பாக்கத்தில் வெளியே வந்து மெட்ரோ ரயிலில் நகருக்குள் செல்ல ஒரு மணி நேரம்: மொத்தம் ஐந்தரை மணி நேரம். வைகை விரைவு வண்டியில் செல்பவர் திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் வந்து ஏறினால் காத்திருப்பையும் சேர்த்து ஏழரை மணி நேரம். 2019 மார்ச்சில் தொடங்கிய தேஜஸ் வண்டி இதைச் சற்றுக் குறைக்கிறது. விமானத்தால் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பறப்பு நேரத்தை மட்டும் ரயில் நேரத்தோடு ஒப்பிட்டால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் மிச்சமாவதுபோலத் தோன்றும். நேர்முகத் தேர்வுக்கோ மருத்துவமனைக்கோ அன்றே போய்ச் சேர வேண்டியவர் அந்தத் தோற்றத்தை நம்பிப் புறப்பட்டால் மாட்டிக்கொள்வார்.

இந்தச் சமவெளியில் கடிகாரத்தை மிகக் கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் பூ வணிகர்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மதுரையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் விளைகிறது. செம்பட்டிக்குத் தெற்கே உள்ள நிலக்கோட்டை அதற்குப் பெயர்பெற்ற சந்தை. விடியும் முன் பறிக்கப்படும் மொட்டு அன்று மாலையே விரியத் தொடங்கும். வெளியூருக்கு விமானத்தில் போகும் பூவுக்குப் பறிப்பு, எடை, ஏலம், பனிக்கட்டியிட்ட பெட்டி, நிலையம் செல்லும் வண்டி, சரக்குப் பிரிவின் சோதனை ஆகிய எல்லாம் அந்த ஒரு பகலுக்குள் முடிய வேண்டும். இதில் பறப்பு நேரம் குறைந்தாலும் கூடினாலும் சில நிமிடங்கள்தான். வணிகர் கேட்பது, சரக்கை எத்தனை மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதை.